சேர்த்து வைத்த பத்து நிமிடங்கள்

பதினாறைப் பத்தால் பெருக்கினால் நூற்று அறுபது. இந்தக் கணக்கை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டேன். கணக்கில் தப்பு இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு நன்றாகவே வரும். ஆனால் அந்தத் தாள் ஞாபகத்துக்கு வரும்போதெல்லாம் இன்றும் எனக்கு உடம்பு விறைத்துப் போகிறது.

நடந்தது தொண்ணூறுகளின் நடுவில். ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து மலாக்காவில் புக்கிட் பெருவாங்கில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். அப்பா ஒரு மரக்கிடங்கில் ஜாகா, அதாவது காவல்காரர். அம்மா இருபத்தைந்து வருஷம் பால்மரம் சீவிவிட்டு ஓய்ந்தவள். நான் பத்து பெரெண்டாம் என்ற இடத்தில் ஒரு எலக்ட்ரானிக் பேக்டரியில் முப்பது பெண்களுக்கு லைன் லீடர். யார் எப்போது கழிவறைக்குப் போகலாம், யாருக்கு எத்தனை நாள் லீவு மிச்சம், யார் ஓவர்டைம் செய்தால் அடுத்த வாரம் அரை நாள் விடலாம் என்பதெல்லாம் என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். வாயும் கொஞ்சம் நீளம். "ஒன்னைக் கட்டிக்கிறவன் போன சென்மத்துல என்ன பாவம் பண்ணானோ லா" என்று கூட வேலை செய்யும் பெண்கள் கிண்டல் செய்வார்கள். வயது இருபத்தெட்டு ஆகியும் கட்டிக்கொள்ள ஒருவனும் வந்தபாடில்லை என்பதால் அந்தக் கிண்டல் கொஞ்சம் சுடும்.

வரவில்லை என்று சொல்வதும் சரியில்லை. இரண்டு இடம் வந்தது. முதல் இடத்தில் ஜாதகம் ஒத்துவரவில்லை. இரண்டாவது இடத்தில் எல்லாம் ஒத்து வந்தது. பிறகு யாரோ போய், அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி, பெரியம்மாவுக்குக் காலையே எடுத்துவிட்டார்கள் என்று ஊதிவிட்டார்கள். மறுநாளே ஆள் இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இனிப்புநீர் என்ற வார்த்தையை வாசல் பக்கம் நின்று யாரும் பேசுவதில்லை.

அம்மாவுக்கும் இனிப்புநீர்தான். மாத்திரை போடுவாள், போடாமலும் இருப்பாள். ஒரு நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது கோப்பி ஊற்றினாள். கோப்பைக்குள் அல்ல, கோப்பைக்குப் பக்கத்தில். மேசை முழுக்கக் கறுப்பாக ஓடி என் மடியில் சொட்டுகிறது, அவள் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே இருக்கிறாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "அம்மா!" என்று கத்தினேன். அவள் கெட்டிலை நிறுத்திவிட்டு, தப்புச் செய்து பிடிபட்ட சின்னப் பிள்ளை போல நின்றாள்.

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. வலது கண் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். இடது கண்ணில் ஒரு வாரமாக நூலாம்படை தொங்குகிறதாம். ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், ஒரு வருஷமாக ஒற்றைக் கண்ணோடு ஒருத்தி எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். முப்பது பெண்களின் வருகையைக் கண்காணிக்கிற எனக்கு அது தெரியவில்லை.

"ஏம்மா சொல்லல?"

"ஒரு கண்ணு இருந்துச்சுல்ல புள்ள. அது போதும்னு இருந்தேன்."

அலமாரியில் துணிக்கு அடியில் ஆஸ்பத்திரிக் கார்டு கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தடவை லேசர் வைத்திருக்கிறார்கள். மறுபடி வரச் சொல்லி எழுதிய தேதிகள் வரிசையாக இருக்கின்றன, ஒன்றுக்கும் இவள் போகவில்லை. கேட்டால், "லேசர் வெச்சப்ப மண்டைக்குள்ள ஊசி குத்துன மாதிரி இருந்துச்சு. அப்பறமும் பார்வை கூடல. கூடாததுக்கு எதுக்குப் போவணும்?" என்றாள். லேசர் பார்வையைக் கூட்டுவதற்கு அல்ல, இருப்பது போகாமல் பிடித்து நிறுத்துவதற்கு என்று அவளுக்கு யாரும் புரிகிற மாதிரி சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் மலாயிலோ இங்கிலீஷிலோ சொல்லியிருப்பார்கள். கூடப் போய்க் கேட்டிருக்க வேண்டியவள் நான்.

மலாக்கா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சீன டாக்டரம்மா. சின்ன உருவம், நறுக்கென்ற பேச்சு. கண்ணின் பின்சுவரில் காகிதம் போல ஒரு படலம் ஒட்டியிருக்கிறது, பார்வை எல்லாம் அதில்தான். இனிப்புநீரால் உண்டான கெட்ட நரம்புகள் அதைப் பிடித்து இழுத்து, ரத்தம் கசிந்து, படலம் உரிய ஆரம்பித்துவிட்டது என்றார். வலது கண்ணுக்கு இனி வழியில்லை. இடது கண்ணை அறுவை செய்து, உள்ளே இருக்கும் ரத்தத்தை எடுத்துவிட்டு, படலத்தை மறுபடி ஒட்டவைத்து, ஒரு வாயுவை நிரப்பி அனுப்புவோம். அந்த வாயுக் குமிழிதான் படலத்தைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும் என்றார்.

"தண்ணீரில் குமிழி எங்கே போகும்?" என்று என்னைக் கேட்டார்.

"மேலே."

"அதுதான். உன் அம்மா முகத்தைத் தரையைப் பார்த்து வைத்திருந்தால், கண்ணின் பின்பக்கம்தான் மேலே இருக்கும். குமிழி அங்கே போய் அழுத்தும். தலையைத் தூக்கினால் குமிழி இடம் மாறிவிடும். இரண்டு வாரம், ராத்திரி பகல் எந்நேரமும் குப்புறத்தான் இருக்க வேண்டும். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எழுந்து நடக்கலாம். சாப்பிட, குளிக்க, கழுத்தைத் தளர்த்த."

ஒரு வார்த்தை விடாமல் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். மணிக்குப் பத்து நிமிடம் என்பதை இரண்டு தடவை சொன்னேன். அதை இப்படி அழுத்திச் சொன்னவளும் நானே, பிற்பாடு அதை வைத்துக் கணக்குப் போட்டவளும் நானே.

அறுவைக்குத் தேதி சட்டென்று கிடைத்துவிட்டது. அதில்தான் சிக்கல். அதற்குள் மூன்றாவதாக எனக்கு ஒரு இடம் வந்து, பெண் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமையும் குறித்தாயிற்று. அறுவை முடிந்து எட்டாவது நாள் அந்த ஞாயிறு. ஆனி மாதக் கடைசி. அதைத் தள்ளினால் ஆடி பிறந்துவிடும், பிறகு ஆவணிதான். அவர்கள் செர்காம் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர்கள். மாப்பிள்ளை எங்கள் பேக்டரிக்குப் பக்கத்துப் பேக்டரியில் டெக்னீஷியன். அவரை எனக்கு முன்பே தெரியும். தெரியும் என்றால் பேக்டரி பஸ்ஸில் பார்த்திருக்கிறேன், அவ்வளவே. கர்ப்பமான பெண்கள் ஏறினால் ஒன்றும் பேசாமல் எழுந்து இடம் கொடுத்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொள்வார். அவரை எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல இந்த வயதில் எனக்கு வெட்கமில்லை.

அம்மா வீட்டுக்கு வந்தாள். காரில் பின்சீட்டில் முகம் கவிழ்த்துப் படுத்தபடியே கோலாலம்பூரிலிருந்து வந்தாள். அப்பா கிடங்கிலிருந்து ஒரு பலகை கொண்டு வந்து, முகம் புகும் அளவுக்கு அதில் ஓட்டை வெட்டி, ஓரத்தில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றி, மேலே என் துண்டைத் தைத்து வைத்திருந்தார். அம்மா அந்த ஓட்டைக்குள் முகத்தை வைத்துக் குப்புறப் படுத்துக் கிடப்பாள். தட்டைத் தரையில் வைத்தால் குனிந்தபடி சாப்பிடுவாள். வாயு நிரப்பிய கண்ணில் வெளிச்சம் தவிர ஒன்றும் தெரியாது; மற்ற கண் இருட்டு. செருப்புச் சத்தத்தை வைத்தே யார் வருகிறார்கள் என்று சொல்வாள். மணிக்கொரு சொட்டு மருந்து. நான் ஒரு வாரம் லீவு போட்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் அப்பா மெதுவாகக் கேட்டார். "ஞாயித்துக்கிழமைய தள்ளி வெக்கச் சொல்லலாமா?"

பலகைக்குக் கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்னன்னு சொல்லித் தள்ளுவீங்க? பொண்ணோட அம்மாவுக்குக் கண்ணு போச்சுன்னா? இதுவும் போவட்டுமா?"

"ஒடம்பு சரியில்லன்னு சொல்லலாம்."

"என்ன ஒடம்புன்னு கேப்பாங்க. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணும்பாங்க. நாம ஒரு பொய்தான் சொல்லப் போறோம். நான் எந்திரிச்சு ஒக்காந்துக்கறேன்."

அந்த இடத்தில் நான், "வேணாம்மா, கல்யாணமே வேண்டாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். கதைகளில் வரும் மகள்கள் சொல்வார்கள். நான் காலண்டர் தாளைக் கிழித்தேன்.

எங்கள் பேக்டரியில் எடுக்காத லீவு வீணாகாது. இந்த மாதம் எடுக்காவிட்டால் அடுத்த மாதத்தில் சேரும். தோட்டத்திலும் அப்படித்தான், காலையில் கூடுதல் மரம் சீவினால் மறுநாள் கொஞ்சம் முன்னதாகக் காட்டை விட்டு வரலாம். எங்கள் இருவருக்கும் உழைப்பும் ஓய்வும் அப்படித்தான் பழக்கம். மணிக்குப் பத்து நிமிடம் எழுந்திருக்க அனுமதி. விழித்திருப்பது பதினாறு மணி நேரம். ஒரு நாளைக்கு நூற்று அறுபது நிமிடம். வெள்ளியும் சனியும் அம்மா எழுந்திருக்கவே இல்லையென்றால் முந்நூற்று இருபது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கும். பெண் பார்க்க ஒரு மணி நேரம் போதுமே!

அம்மாவிடம் சொன்னேன். பலகைக்குக் கீழே அவள் சிரித்தாள். "பாத்தியா, படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்று பெருமையாக அப்பாவிடம் சொன்னாள்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அவள் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டையும் படுத்தபடியே ஊட்டச் சொன்னாள். கழிவறைக்குக் கூடக் குனிந்தே, அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு போய் வந்தாள். கழுத்தும் தோளும் கட்டையாக இறுகி, நான் தைலம் தேய்த்தால் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். "கொஞ்சம் எந்திரிம்மா" என்றால், "வேணாம், மிச்சம் புடிக்கிறேன்" என்பாள். அவள் முனக முனக எனக்கு மனது கேட்கவில்லை. ஆனாலும் கணக்கு சரியாக இருக்கிறது என்று ஒரு நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு நல்ல நேரம். அம்மாவின் கண்ணிலிருந்த பிளாஸ்டிக் மூடியை எடுத்து, வீங்கிச் சிவந்திருந்த இமையை வெந்நீரில் துடைத்துவிட்டு, பட்டுப்புடவை கட்டி நாற்காலியில் உட்கார வைத்தோம். யாராவது கேட்டால் காலையில் தூசி விழுந்தது என்று சொல்வதாக ஏற்பாடு. நான் இலைப்பச்சையில் பட்டு கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்திருந்தேன். அம்மா என் கையைத் தேடிப் பிடித்து, "பொட்டு நேரா வெச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அவருடைய பெரியப்பா. அப்பா இல்லாத குடும்பம். மாப்பிள்ளை தன் அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, என் அம்மாவுக்கு நேர் எதிரே உட்கார வைத்தார். எவ்வளவு மரியாதையான மகன் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா நான் சொல்லிக்கொடுத்தபடி குரல் வந்த திசையைப் பார்த்துச் சிரித்து, "வாங்க சம்பந்தியம்மா" என்றாள். அந்த அம்மாளும் சிரித்தார்கள்.

நான் கோப்பித் தட்டோடு வந்து நின்றேன். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்கு மேலே எங்கேயோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோப்பையை எடுக்காமல் காக்க வைத்தார்கள். மகன்தான் எடுத்துக் கையில் கொடுத்தார். சரியான திமிர் பிடித்த மாமியார் வாய்க்கப் போகிறது என்று எனக்கு உள்ளே புகைந்தது. காலில் விழுந்து எழுந்தபோது, என் இரண்டு கன்னத்தையும் வழித்து, நெற்றி, மூக்கு, மோவாய் என்று முகம் முழுக்கத் தடவி, தன் நெற்றிப் பொட்டில் விரலை மடக்கித் திருஷ்டி முறித்தார்கள். "மஞ்சள் சேலையில மகாலெச்சுமி மாதிரி இருக்கா" என்றார்கள்.

என் புடவை பச்சை. யாரும் திருத்தவில்லை. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். வயதானவர்கள், ஏதோ ஞாபகத்தில் சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மணி நேரம் என்று நினைத்தது நீண்டது. பெரியப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் ஒரே தோட்டத்துப் பழைய கதைகள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றோம். சாப்பாட்டுக்குப் பிறகு அங்கேயே உறுதி செய்துகொள்ளலாம் என்று பெரியப்பா சொல்ல, வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றி, தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவாயிற்று. அம்மா நான்கு மணி நேரம் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நடுவில் அவளைத் தண்ணீர் குடிக்க என்று உள்ளே கூட்டிப் போனபோது காதில் சொன்னேன்.

"இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல மிச்சம் இருக்கும்மா. பயப்படாத."

"எனக்கென்ன பயம்? கழுத்து நிமிந்ததே சொகமா இருக்கு" என்றாள்.

அவர்கள் கிளம்பியதும் அம்மா அவசரமாகத் தடவிக்கொண்டு பலகைக்குப் போனாள். சந்தோஷத்தில் குப்புறப் படுத்தபடியே பாட்டுப் பாடினாள். நானும் அன்று சந்தோஷமாக இருந்தேன்.

இரண்டாவது வார முடிவில் மலாக்காவில் காட்டினோம். மலாய்க்கார டாக்டர், இளைஞர். விளக்கை அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். கையை முகத்துக்கு நேரே ஆட்டி, தெரிகிறதா என்றார். குமிழி சுருங்கியிருந்தது, அதற்கு மேலே கொஞ்சமாவது தெரிய வேண்டும். அம்மா தெரியவில்லை என்றாள். டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்து, அம்மாவையே நேராகக் கேட்டார்.

"மக்சிக், அடா அங்காட் கெப்பாலா?" அம்மா, தலையைத் தூக்கினீங்களா என்று.

"தாடா, டாக்டர்" என்றாள் அம்மா, இல்லையென்று. சொல்லும்போதே மேசைக்கு அடியில் காலால் என் காலை அழுத்தினாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஊரெல்லாம் நீளம் என்று சொல்கிற வாய்!

படலம் மறுபடி உரிந்துவிட்டது. மறுவாரம் கோலாலம்பூர். இன்னொரு அறுவை, இந்தத் தடவை வாயுவுக்குப் பதில் எண்ணெய். அதற்கு முன் சீன டாக்டரம்மாவிடம் என்னால் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்: நூற்று அறுபது, முந்நூற்று இருபது, நான்கு மணி நேரம் போக மிச்சம் ஒரு மணி இருபது நிமிடம். இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, அது எப்படிப்பட்ட பைத்தியக்காரத்தனம் என்று என் காதிலேயே விழுந்தது. டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டு நாளைக்கு மூச்சைச் சேர்த்து வைத்து, மூன்றாம் நாள் தண்ணீருக்குள் உட்கார முடியுமா?" என்றுதான் கேட்டார்.

அதனால்தான் உரிந்ததா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். தழும்பு இழுத்திருக்கலாம். தலையைத் தூக்காத நோயாளிகளுக்கும் இப்படி ஆவதுண்டு. உறுதியாக யாராலும் சொல்ல முடியாது. ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த "இருக்கலாம்" எனக்குள் ஈட்டியாக இறங்கியது, இன்னும் அங்கேயே இருக்கிறது. என் தப்பு என்று தீர்ப்புக் கொடுத்திருந்தால் அழுது தீர்த்திருப்பேன். இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன்.

இரண்டாவது அறுவைக்குப் பிறகு அம்மா ஒரு நிமிடம் கூட மீறவில்லை. நான் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மணிக்குப் பத்து நிமிடம் எழுப்பி, பத்தாவது நிமிடத்தில் படுக்க வைத்தேன். ஆடி முழுக்க அப்படியே போயிற்று. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் பாத்திரத்தை எறியாமல் இருந்ததே பெரிது.

ஆவணியில் மலாக்கா டாக்டர் மறுபடி விளக்கடித்துப் பார்த்தார். வெளிச்சம், இருட்டு, இந்த இரண்டுக்கு மேல் இனி அந்தக் கண்ணில் வராது என்றார். இனிமேல் குப்புறப் படுக்க வேண்டாம், தலையை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அம்மா "தெரிமாக்காசி" என்று நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்தும் பழக்கம் விடாமல் குனிந்தே நடந்தாள், குனிந்தே உட்கார்ந்தாள்.

செர்காம்காரர்களுக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை. அவர்களும் அதற்குப் பிறகு வரவில்லை. தன் அம்மாவுக்கு முட்டி வலி என்று மாப்பிள்ளை ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

பார்வை போனாலும் கண்ணில் அழுத்தம் ஏறாமல் பார்க்க வேண்டும் என்று மாதா மாதம் வரச் சொன்னார்கள். புரட்டாசியில் அப்படிப் போனபோது, அம்மாவைக் கண் கிளினிக்கின் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கார்டு கொடுக்க நான் கவுண்டருக்குப் போனேன். நல்ல கூட்டம். அரை மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தால் அம்மாவுக்குப் பக்கத்தில் இன்னொரு அம்மாள். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், கண்ணில் மருந்து விட்டு மூடியிருக்கச் சொல்லியிருந்தாள் போல, கண்ணை மூடிக்கொண்டு, முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

என் மாமியாராக வரப் போகிறவர்.

நடைபாதையின் அந்தக் கோடியில் மாப்பிள்ளை தே ஓ என்கிற கறுப்புத் தேநீர்ப் பொட்டலம் இரண்டைக் கையில் தொங்கவிட்டபடி வந்தார். அவர் என்னைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். நாங்கள் இருவரும் பேசாமல் நிற்க, அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தெரியாமல் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"ஒங்களுக்கு ரெண்டுமா?" என்று அம்மா கேட்டாள், குனிந்தபடி.

"ரெண்டுந்தான் அக்கா. ரொம்ப நாளாவே பொகை மாதிரிதான் தெரியும். ஆனியில லேசருக்குத் தேதி குடுத்தாங்க. வெள்ளிக்கெழமை. நான் வரல லா."

"ஏன்?"

"லேசர் வெச்சா ரெண்டு நாளைக்குக் கண்ணு செவந்து கலங்கி இருக்கும்னாங்க. ஞாயித்துக்கெழமை பையனுக்குப் பொண்ணு பாக்கப் போவணும். அம்மாக்காரி குருடின்னு தெரிஞ்சா யாரு பொண்ணு குடுப்பா? மருமவளா கூப்புடறாங்களா, கைத்தடியாக் கூப்புடறாங்களான்னு கேக்க மாட்டாங்க? அதான், முடிச்சிட்டு அப்பறம் போவலாம்னு இருந்தேன். அடுத்த வாரமே உள்ள ரத்தம் கசிஞ்சிருச்சு. இப்ப பொகை கூட இல்ல."

அம்மாவின் தலை லேசாக அந்தக் குரல் பக்கம் சாய்ந்தது. நான்கு மணி நேரம் கண் இல்லாமல் காதால் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த குரல் அது. அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

"சம்பந்தியம்மா" என்றாள்.

அந்த அம்மாளின் கை முழங்காலிலிருந்து எழுந்து காற்றில் நின்றது. மூடியிருந்த கண் திறந்து எங்கேயோ பார்த்தது. "பெருவாங்கா? ஐயோ… நீங்களா? இங்க எப்படி?"

"நானும் கண்ணுக்குத்தான். அன்னிக்கு எனக்கு ஆப்பரேசன் ஆயி எட்டாவது நாளு. தலையத் தூக்கக் கூடாது. தூக்கிட்டு ஒக்காந்திருந்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. தே ஓ பொட்டலத்தோடு நின்ற அந்த மனிதர் மேல், என்னைப் போலவே பேசாமல் இருந்த அவர் மேல், வந்த கோபம்தான் அதிகம். அன்று கோப்பையை எடுத்துக் கொடுத்தது மரியாதை அல்ல, ஒத்திகை பார்த்து வைத்தது. மஞ்சள் என்றபோது தலையைக் குனிந்தது வெட்கம் அல்ல. இதை எல்லாம் அவர் முகத்தில் அறைகிற மாதிரி கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டால் அவர் என்ன திருப்பிக் கேட்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

"அப்ப நாம ரெண்டு பேரும் அன்னிக்கு…" என்று ஆரம்பித்து அந்த அம்மாள் நிறுத்திவிட்டார்கள்.

"ஆமா" என்றாள் அம்மா.

அம்மா கையை நீட்டித் தேடி, அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒங்ககிட்டதான் கேக்கணும்னு வெச்சிருந்தேன் சம்பந்தி. கல்யாணத்துக்கு அப்பறம் ஒரு நாளைக்கு, மெதுவா. வீட்டுல கேட்டா அழுவாங்க. எம்புள்ள அன்னிக்கு எப்படி இருந்தா?"

"நானும் பாக்கலயே அக்கா. மொகத்தத் தடவுனேன். அவ்வளவுதான். நல்ல மொகம்னு கையில தெரிஞ்சுது. மஞ்சள் சேலைன்னு சும்மாதான் சொன்னேன்."

என்னைப் பார்க்க வந்த நாள் அது. அதற்காகத்தான் இரண்டு பெண்கள் மிச்சமிருந்த கண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இரண்டு பேரில் ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை.

அவர் பொட்டலங்களைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு, என் அம்மாவின் முன்னால் வந்து தரையில் குந்தி உட்கார்ந்தார். பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கம் போய் நிற்கிற அதே மனிதர், அத்தனை பேர் பார்க்க.

"பச்சை சேலை அத்தை" என்றார். "வாழை எல இருக்குல்ல, அந்தப் பச்சை. நான் பாத்தேன்."

அம்மா தலையை நிமிர்த்தினாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இனி நிமிர்த்தி வைத்திருக்கலாம், தடையில்லை.

"சொல்லுங்க தம்பி" என்றாள். "பொட்டு நேரா இருந்துச்சா?"